தொப்பி வைத்த பனியன்

அம்மா திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 19 வருஷம் ஓவர்லாக் (துணி ஓரத்தைப் பின்னித் தைக்கும் மெஷின்) டெய்லராக இருந்தவள். அதில் கடைசி 11 வருஷம் ஒரே வேலைதான். கஃப் அட்டாச். கை முனையில் ரிப் என்கிற, நன்றாக இழுபடும் பட்டைத் துணியை இழுத்துப் பிடித்து வட்டமாகத் தைத்து அனுப்புவது. ஒரு நாளைக்கு எத்தனை கை தைப்பாய் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "எண்ணினா கை ஓடாது கண்ணு" என்பாள்.

அப்படிப்பட்டவளை வீட்டில் வைத்துக்கொண்டு பையனுக்கு ஒரு ஹூடி தைக்க எத்தனை நேரம் ஆகிவிடும் என்று நினைத்தேன். எட்டு நாள் ஆனது.

நாங்கள் இருப்பது கோத்தகிரியில். ஊட்டி அளவுக்குக் குளிர் இல்லை என்று ஊட்டிக்காரர்கள் சொல்வார்கள். டிசம்பர் காலை ஏழரை மணிக்கு ஆறு வயசுப் பையனைப் பள்ளி வேனுக்காக நிறுத்தி வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. போன வருஷத்து ஹூடியில் கை முழங்கைப் பக்கம் ஏறிவிட்டது. அம்மா குளிர்காலத்தில் வழக்கமாக இங்கே வரமாட்டாள்; மூட்டுவலி. இந்த முறை அப்பாவின் திவசம் முடிந்த கையோடு நான் கட்டாயப்படுத்திக் கூட்டி வந்துவிட்டேன். வந்தவளுக்குப் பொழுது போகவில்லை. "கடையில எதுக்கு காசக் குடுக்கற, தொப்பி வச்ச பனியன்தானே" என்றாள். திருப்பூர்க்காரர்களுக்கு உடம்பில் போடுவது பாதி பனியன்தான். டிசர்ட்டும் பனியன், டிராக் பேண்டும் பனியன் துணி, ஹூடி தொப்பி வைத்த பனியன்.

துணியில்தான் முதல் தகராறு. மேட்டுப்பாளையம் போனபோது ஒரு கடையில் பிளீஸ் (fleece) துணி கேட்டேன். எடுத்துப் போட்டது போர்வைக்கு வரும் பாலியெஸ்டர். இரண்டு பக்கமும் பொசுபொசுவென்று, எடையே இல்லாமல். அதுவும் பிளீஸ்தான், கடைக்காரர் மேல் தப்பில்லை. ஒரே பேரில் இரண்டு துணி உலவுகிறது. அந்த பாலியெஸ்டர் வகை அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், லாரன்ஸ் என்ற ஊரின் மால்டன் மில்ஸ் ஆலையில் பிறந்தது. 1979இல் படகோனியா நிறுவனத்தோடு சேர்ந்து மலையேறுகிறவர்களுக்காக உருவாக்கினார்கள். ஆட்டு ரோமத்தின் வேலையைச் செய்யும், நனைந்தாலும் சீக்கிரம் காயும். வெட்டின ஓரம் பிரியாது என்பதால் முதல்முறை தைப்பவர்களுக்கு அதைவிடச் சாதுவான துணி கிடையாது. ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டியைக் காட்டினால் உருகிவிடும்.

நான் தேடியது அதை இல்லை. வெளிப்பக்கம் சாதாரண பனியன் மாதிரி வழவழப்பு, உள்பக்கம் பஞ்சு. திருப்பூரில் அதற்கு த்ரீ த்ரெட் பிளீஸ் என்று பேர். மூன்று நூல் சேர்ந்து பின்னுகிற துணி: வெளியே தெரிகிற நூல் ஒன்று, அதோடு வளைய நூலைக் கட்டிப் பிடிக்க ஒன்று, உள்ளே வளையம் வளையமாகத் தொங்க ஒன்று. முதல் இரண்டும் 30ஆம் நம்பர் போல மெல்லியதாக இருக்கும், வளையத்துக்குப் போவது 10ஆம் நம்பர் போலத் தடிப்பாக, முறுக்குக் குறைவாக இருக்கும். (நூலில் நம்பர் ஏற ஏற மெலியும். இதைச் சின்ன வயதில் புரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் ஆனது.) வளையத்தை அப்படியே விட்டால் லூப்நிட். கம்பிப் பல் பதித்த உருளைகளில் ஓட்டி அந்த வளையங்களைக் கிழித்துப் பஞ்சாக எழுப்பினால் பிளீஸ். அந்த வேலைக்கு ரைசிங் என்று பேர். பஞ்சுக்குள் காற்று சிக்கிக்கொள்கிறது, அந்தக் காற்றுதான் கதகதப்பு. நூலுக்கு முறுக்குக் குறைவாக வைப்பதும் சுலபமாகக் கிழிபடட்டும் என்றுதான்.

இதையெல்லாம் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன் என்று எழுத ஆசை. அவளுக்குத் தெரியாது. நிட்டிங் ஓரிடம், ரைசிங் ஓரிடம், சாயம் வேறிடம். அவளிடம் வருவது பாதி தைத்த உடுப்பு, கட்டுக் கட்டாக. "உள்ள பஞ்சு இருந்தா மூக்குல ஏறும், துணி கட்டிக்குவோம்" என்பதுதான் பிளீஸ் பற்றி அவளுக்குத் தெரிந்தது. வெட்டும்போது அது எவ்வளவு உண்மை என்று பார்த்தேன். இரண்டு நாளைக்குத் தும்மினேன்.

துணியைக் கடைசியில் திருப்பூர் காதர்பேட்டையில்தான் வாங்கினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கென்றே போய் வந்தோம். திருப்பூர் நெடுங்காலம் கோடைத் துணிக்குப் பேர்போன ஊர், குளிர் உடுப்பு என்றால் லூதியானா. இருந்தாலும் தேடினால் பிளீஸ் கிடைக்கும். அங்கே மீட்டர் கணக்கு இல்லை, கிலோ. பழக்கமில்லாதவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். கணக்கு சின்னதுதான். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. சாதாரண டிசர்ட் 160, 180 இருக்கும். நான் எடுத்த பிளீஸ் 280. அகலம் 72 அங்குலம், அதாவது 1.83 மீட்டர். 1.83ஐ 280ஆல் பெருக்கினால் ஒரு மீட்டர் நீளம் 512 கிராம் வருகிறது. ஆறு வயசுப் பையனுக்கு, தொப்பியை இரண்டு மடிப்பாக வைத்தாலும், ஒரு மீட்டரில் முடித்துவிடலாம். பெரியவர்களுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டும், ஏறக்குறைய 800 கிராம். நான் பயத்தில் முக்கால் கிலோ வாங்கினேன். கரும்பச்சை. அதே பச்சையில் ரிப் இருக்கிறதா என்று கேட்கப் போனேன், அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள். "வேற லாட்டுல வந்த துணி, ஷேட் ஒத்துக்காது. கண்ணு பட்ட மாதிரி தெரியும். பேசாம சாம்பல்ல எடு." சாம்பலில் எடுத்தோம். அந்த ஒரு யோசனை மட்டும் பத்து ஹூடிக்குச் சமம்.

வாங்கியதும் வெட்டக் கூடாது, துவைக்க வேண்டும். ஓரத்தில் 50 சென்டிமீட்டருக்குப் பேனாவால் இரண்டு புள்ளி வைத்து, துவைத்துக் காய்ந்தபின் அளந்தேன். 47. நீளவாக்கில் மூன்று சென்டிமீட்டர் போய்விட்டது. துவைக்காமல் வெட்டியிருந்தால் பையனுக்கு முதல் துவைப்பிலேயே தொப்புள் தெரிந்திருக்கும்.

வெட்டுவதற்கு அம்மா வரவில்லை. கத்தரியை நீட்டினேன், வாங்கவில்லை. "அது மாஸ்டர் வேல" என்றாள். 19 வருஷத்தில் ஒரு தடவைகூட வெட்டியதில்லையாம். கட்டிங் டேபிள் பக்கம் போனாலே திட்டுவார்களாம். வீட்டில்கூட அவள் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. சரி என்று நானே இறங்கினேன். பழைய ஹூடியைத் தரையில் விரித்து, கீழே தினத்தாளை வைத்து, ஓரத்தில் குண்டூசியால் குத்திக் குத்தி வடிவம் எடுத்தேன். அகலத்தில் நான்கு சென்டிமீட்டர், நீளத்தில் ஆறு சென்டிமீட்டர் கூட்டினேன். தையலுக்கு ஒரு சென்டிமீட்டர். முன்பக்கம், பின்பக்கம், கை இரண்டு, தொப்பிக்கு வெளியே இரண்டு உள்ளே இரண்டு, வயிற்றுப் பாக்கெட், அப்புறம் மூன்று ரிப் பட்டை. மொத்தம் 12 துண்டு.

இதில் ஒரு கையைக் குறுக்குவாக்கில் வெட்டிவிட்டேன். துணி மிச்சம் பிடிக்கும் பேராசை. பனியன் துணி அகலவாக்கில்தான் நன்றாக இழுபடும், நீளவாக்கில் குறைவு. இழுபடும் பக்கம் உடம்பைச் சுற்றி வரவேண்டும். மாற்றி வெட்டிய கை பார்க்க ஒரே மாதிரி இருந்தது. அம்மா அதைக் கையில் எடுத்த மாத்திரத்தில் கீழே போட்டாள். "இது ரிஜக்ட்." அளக்கவில்லை, இழுத்துக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு விரலுக்கு நடுவே ஒரு தரம் உருட்டினாள், அவ்வளவுதான். முக்கால் கிலோ வாங்கியது நல்லதாகப் போயிற்று.

தையல் மெஷின் என்னுடையது. ஜிக்ஜாக் போடும் வீட்டு மெஷின். அம்மா அதன் முன் உட்கார்ந்ததும் அதிர்ச்சி இரண்டு பக்கமும்தான். மிதித்தால் சீறிக்கொண்டு ஓடுகிற ஓவர்லாக்கில் பழகிய கால். இது அடுக்களையில் ஆட்டுக்கல் சுற்றுவது போல நகர்ந்தது. "என்னடி இது, தூங்குது" என்றாள். அதற்குமேல், ரவிக்கை தைக்கிற கூர் ஊசியே அதில் இருந்ததை நான் மறந்துவிட்டேன். நான்கு தையலுக்கு ஒன்று விட்டுவிட்டுப் போனது. பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசி வேண்டும். பால் பாயின்ட் என்று கேட்டால் தருவார்கள், பிளீஸ் தடிப்புக்கு 14ஆம் நம்பர். கூர் ஊசி நூலையே குத்திக்கொண்டு போகும். குத்துப்பட்ட கண்ணி அன்றைக்குத் தெரியாது, துவைக்கத் துவைக்க ஓட்டையாக விரியும். உருண்ட முனை நூலை ஒதுக்கிவிட்டுச் சந்தில் இறங்கும். ஊசி மாற்றி, அழுத்துப் பாதத்தின் அழுத்தத்தையும் குறைத்த பிறகுதான் துணி நெளியாமல் ஓடியது. அழுத்தம் கூடினால் பாதம் மேல்துணியை நீட்டிவிடும், தையல் முறுக்கிய அப்பளம் மாதிரி ஆகிவிடும்.

நான் எதிர்பார்க்காத விஷயம் இதற்கப்புறம் நடந்தது. பாக்கெட்டை முன்பக்கத்தில் வைத்து அம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "இது எங்க முடியுது?" என்றாள். வயிற்றுப் பாக்கெட்டின் அடி ஓரம் கீழ் ரிப்போடு சேர்த்துத் தைபடும், தனியாக மடிக்க வேண்டியதில்லை. யூடியூபில் பார்த்து எனக்குத் தெரிந்திருந்தது. அவளுக்குத் தெரியவில்லை. தோள் இணைப்பதா கை இணைப்பதா, எது முதலில்? தெரியவில்லை. கையைத் தட்டையாக வைத்தே தோள்வளைவில் தைத்துவிட்டு, அப்புறம் கை நுனியிலிருந்து இடுப்பு வரை ஒரே ஓட்டமாகப் பக்கத் தையல் போடலாம் என்றபோது, ஆச்சரியமாகப் பார்த்தாள். "ஓ, அதுதான் எங்களுக்கு சைடு அடிச்சு வருமா" என்றாள். அவளிடம் வரும்போது கை குழாயாக, உடம்போடு சேர்ந்து இருக்கும். ஏன் அப்படி வருகிறது என்று யோசிக்க நேரமில்லை.

கம்பெனியில் ஒரு ஹூடி இருபது கைக்கு மேல் தாண்டி வரும். பாக்கெட் மடிக்கிறவர், பாக்கெட் வைக்கிறவர், தோள், கை, சைடு, தொப்பி இணைப்பு, கழுத்துக்கு டேப், கஃப், பாட்டம், பிசிறு வெட்டுவது, செக்கிங், அயர்னிங், பேக்கிங். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ஒன்றரை ஷிஃப்ட், இரவு எட்டு மணி தாண்டும். சனிக்கிழமை சம்பளம். இத்தனை வருஷத்தில் அம்மா தொட்ட ஹூடிகள் ஐரோப்பாவின் ஏதோ ஊர்களில் பள்ளிக்குப் போயிருக்கும். ஒன்றைக்கூட முழுசாக அவள் தைத்ததில்லை. இது எனக்குத் தெரியாத செய்தி இல்லை. திருப்பூரில் வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் என் வீட்டு மேஜையில், எல்லாத் துண்டையும் பரப்பி வைத்துக்கொண்டு எது எதோடு சேரும் என்று அவள் ஜிக்ஸா போல வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குஷியாக இருந்தாள். "கழுத்துக்கு மேல ஒரு பீஸ்கூட தொட்டதில்ல அம்மிணி, தொப்பிய நானே அடிக்கறேன்" என்றாள்.

தொப்பியை அவளே அடித்தாள், நேர்த்தையலில். அழகாகத்தான் இருந்தது. பையனைக் கூப்பிட்டுத் தலையில் மாட்டினோம். காதுக்கு வந்தபோது "டப்" என்று ஒரு சத்தம். இன்னும் கொஞ்சம் இழுத்தான், டப் டப். கழுத்துத் தையல் நான்கு இடத்தில் அறுந்து தொங்கியது.

கழுத்து வட்டம் 44 சென்டிமீட்டர். அவன் தலைச்சுற்று 52. துணி இழுபட்டு வழிவிடும், நேர்த்தையல் நூல் வழிவிடாது. ஓவர்லாக் தையல் சங்கிலியாகப் பின்னிக்கொண்டு போவதால் துணியோடு சேர்ந்து நீளும். 19 வருஷம் ஓவர்லாக்கில் இருந்தவளுக்குத் தையல் அறுந்துபோகும் என்ற கவலையே வந்ததில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நான் தோளை ஜிக்ஜாக்கில்தான் போட்டேன். அவள் தைத்துக்கொண்டிருந்த உற்சாகத்தில் குறுக்கே பேச மனசு வரவில்லை. மொத்தத்தையும் பிரித்து, அகலம் ஒரு மில்லிமீட்டர், நீளம் இரண்டரை என்று குறுகிய ஜிக்ஜாக்கில், பாலியெஸ்டர் நூலில் மறுபடி அடித்தோம். தொப்பியின் நடு, பின்கழுத்தின் நடு, இரண்டு தோள் என்று குண்டூசி குத்திப் பொருத்திக்கொண்டால் கோணாது. பின்கழுத்தில் மட்டும் தோளிலிருந்து தோள் வரை ஒரு காட்டன் டேப் வைத்தோம். கழுத்து முழுக்க வைத்தால் மறுபடி தலை நுழையாது.

அடுத்தது நாடா. பையனுக்கு இதுதான் முக்கியம். பெரிய பையன்களின் ஹூடியில் முன்னால் இரண்டு நாடா தொங்குமே, முனையைக் கடித்துக்கொண்டு திரிவதற்கு, அது வேண்டும். நான் வெள்ளை நாடா வாங்கி வைத்திருந்தேன். அம்மா அதைக் கண்டதும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"குழந்த பீஸுக்கு நாடா கெடையாது."

அவளுக்குக் காரணம் தெரியாது. ஆனால் சின்ன சைஸில் நாடா கோத்துவிட்டதால் ஒரு லாட் முழுக்கத் திரும்பி, இரவோடு இரவாக எல்லோரும் உட்கார்ந்து உருவினது நினைவிருக்கிறது. காரணத்தை நான் தேடிப் படித்தேன். பூங்காவில் சறுக்குமரத்தின் உச்சியில் தொப்பி நாடா மாட்டிக்கொண்டு, குழந்தை கழுத்து இறுகித் தொங்கி இறந்த சம்பவங்கள் மேல்நாடுகளில் நடந்திருக்கின்றன. இடுப்பு நாடா பஸ் கதவில் சிக்கியும் இறந்திருக்கிறார்கள். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 1996இல் இதற்கு வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. ஐரோப்பாவில் 2004இல் இ.என். 14682 என்ற தரவிதி வந்தது. அதன்படி ஏழு வயசுக்குட்பட்ட குழந்தையின் தொப்பி, கழுத்துப் பகுதியில் நாடாவே கூடாது, அலங்காரத்துக்குக்கூட. நம் ஊர்க் கடையில் மூன்று வயசுக் குழந்தைக்கும் நாடா வைத்துத்தான் விற்கிறார்கள். நம் ஊரில் தைத்து வெளியே போகிறதில் இருக்காது. அம்மா இந்த ஒரு விஷயத்தில் துணி வாங்குகிற வெளிநாட்டு பையரைவிடக் கறார். பையன் அழுதான், சாப்பிட மாட்டேன் என்றான், "அம்மாயி ஊருக்குப் போ" என்றான். அவள் அசையவில்லை. "ஏழு வயசாகட்டும் சாமி, அம்மாயியே கோத்துத் தர்றேன்" என்றாள்.

இந்த உடுப்பே தொழிலாளிகளுக்காக வந்ததுதான் என்று படித்தேன். 1930களில் அமெரிக்காவின் சாம்பியன் நிறுவனம், நியூயார்க் மாநிலத்தில் உறைகுளிர்க் கிடங்குகளில் வேலை செய்தவர்களுக்காகப் பனியனில் தொப்பியைச் சேர்த்துத் தைத்தது என்பார்கள். அம்மாவிடம் சொன்னேன். "கெடங்குல நாடா சிக்காதா?" என்று கேட்டாள்.

கடைசியில் ரிப். கீழ்ச்சுற்று 72 சென்டிமீட்டர், அதற்கு ரிப் எவ்வளவு வெட்ட? புத்தகக் கணக்கு 80 சதவீதம். நான் 58 என்றேன். அம்மா ரிப்பை இழுத்துப் பார்த்து, "இது லைக்ரா போட்டது, நல்லா திரும்பி வருது, இன்னும் ஒரு விரக்கடை கொற" என்றாள். கஃப்புக்கு அளவுநாடாவே தேவைப்படவில்லை. "முக்காலுக்கு மேல, முழுசுக்குக் கீழ" என்று முணுமுணுத்துக்கொண்டே மடித்தாள். நான் ரிப்பையும் துணியையும் நான்கு நான்காகப் பிரித்துக் குறி வைத்துக் குண்டூசி குத்தித்தான் கீழ்ப்பட்டையைத் தைத்தேன், முக்கால் மணி நேரம். பாக்கெட்டும் பக்கத் தையலும் ரிப்பும் சந்திக்கிற மூலையில் மெஷின் ஏறவே மறுத்தது. இடிகல்லில் அந்த மூலையை வைத்து நாலு தட்டுத் தட்டி, சப்பையான பிறகுதான் ஊசி இறங்கியது.

அம்மா கஃப்பை எடுத்துக்கொண்டாள். குண்டூசி இல்லை, குறி இல்லை. இடது கை பின்னால் ரிப்பை இழுக்க, வலது கை முன்னால் துணியைத் தள்ள, நடுவில் ஊசி. தூங்குகிற மெஷின் என்று அவள் திட்டின அதே மெஷின். முதல் கை மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. திருப்பிப் பார்த்தேன். சுருக்கம் சுற்றிலும் ஒரே சீராக, தொடங்கிய இடமும் முடித்த இடமும் எது என்று தெரியாமல் சேர்ந்திருந்தது. எட்டு நாளாகத் தடுமாறியவள்தானா என்று இருந்தது. இரண்டாவது கையைத் தைக்கும்போது என்னைப் பார்த்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள், துணியைப் பார்க்கவே இல்லை.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு: துணி, ரிப், ஊசி, நூல் எல்லாம் 470 ரூபாய். திருப்பூர் போய்வந்த பஸ் செலவைச் சேர்க்கவில்லை. இதே அளவு ஹூடி கடையில் 500க்குக் கிடைக்கும். பணம் மிச்சம் பிடிக்க யாரும் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

முடித்த அன்றைக்கு அம்மா ஹூடியை உட்புறம் திருப்பி, சின்னக் கத்தரியால் பிசிறு வெட்டினாள். அப்புறம் மிஞ்சின காட்டன் டேப்பில் ஒரு துண்டு எடுத்து, என் பையனின் ஸ்கெட்ச் பேனாவால் 6 என்று எழுதி, பின்கழுத்தில் வைத்துக் கையால் தைத்தாள். "சைஸ் லேபிள் இல்லாம செக்கிங்ல எடுக்க மாட்டாங்க."

பையன் இரண்டு நாள் கழற்றவில்லை, தூங்கும்போதும். மூன்றாம் நாள் தேயிலைத் தோட்டத்துச் சேற்றில் உருண்டு வந்தான். துவைத்துப் போட்டோம். அந்த வாரம் முழுக்க மூடுபனி, வெயிலே இல்லை. இந்தத் தடிப்பில் பருத்தி எப்போது காயும்? தினமும் வேன் வருவதற்கு முன் அம்மா கொடிக்குப் போய், நேராகக் கஃப்பைத்தான் பிடித்துப் பார்க்கிறாள். உடம்பு காய்ந்துவிட்டது, ரிப் இன்னும் சில்லென்று இருக்கிறதாம். துணி அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம் இருக்கிறது. தொப்பிக்கு ஒற்றை மடிப்பு போதுமென்றால் இன்னொன்று தேறுமா என்று நேற்று ராத்திரி தினத்தாள் வடிவங்களை அதன்மேல் அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தரி பக்கத்தில் இருந்தது. ஒரு கை மட்டும் இடிக்கிறது.